மூன்று முதல் நாலரை வரை

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு வந்தான். இரண்டரைக்கு வா என்று ரெக்கார்டு நோட்டுக்குள் பென்சிலில் எழுதி வைத்திருந்தேன், அவன் கண்ணில் படாமல் போக முடியாத இடத்தில்: செவ்வாய், 2.30, எச்.ஓ.டி. ரூம், எக்ஸ்சேஞ்ச் ஃபாரம், பார்ட்னர் கையெழுத்து. மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே ஒரு டிக். வாயால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஜெபஸ்டின் என்னோடு பேசுவதில்லை. வகுப்பில் யாருமே பேசுவதில்லை, இருபத்தொரு பேரும், ஏழு மாதமாக. ஆனால் டிக் போட்டானே. டிக் என்றால் வருகிறேன் என்றுதானே அர்த்தம். இரண்டே முக்காலுக்கு எச்.ஓ.டி. குருசாமி சார் அறைக் கதவு திறந்தே கிடந்தது, பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு, பார்ட்னர் எங்கப்பா, அவனும் என் முன்னாடிதான் போடணும் என்றார். வந்துக்கிட்டே இருக்கான் சார் என்றேன். வந்துகொண்டே இருந்தான், இருந்தான், மூன்று அடித்தது, ஆபீஸ் உதவியாளர் பால்த்தாய் அக்கா எழுந்து கதவைச் சாத்தினார். "சார் முக்கியமான சோலியா இருக்காக தம்பி, நாலரைக்கு மேல பாருங்க." அந்த முக்கியமான சோலி என்னவென்று டிபார்ட்மெண்டுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். எலக்ட்ரான் எந்த இடத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது என்று ஒரு செமஸ்டர் முழுக்க எங்களுக்குப் பாடம் எடுத்தவர். ராகு எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அந்த நேரத்தில் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். அதை யாரும் சொல்லவும் மாட்டார்கள், சோலி என்பார்கள். இன்றைக்குத்தான் கடைசி நாள். நிர்வாகக் கட்டடத்தில் கவுண்டரை ஐந்து மணிக்கு மூடுவார்கள். நாலரைக்கு உள்ளே போய் ஐந்து நிமிடம், அங்கே ஓடப் பத்து நிமிடம், போதும், நேரம் இருக்கிறது. ஜெபஸ்டின் கையெழுத்துப் போட்டால்.

பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவன், நடுவில் அவன் பை. எதற்காக இரண்டு நிமிடம் தாமதம்? இரண்டு நிமிடம் என்பது மறதியில் வருகிற கணக்கா? மறந்திருந்தால் இருபது நிமிடம் ஆகியிருக்கும், வராமலே இருந்திருப்பான். மூன்றுக்கு மேல் வந்தால் இன்றைக்கு நடக்காது என்று தெரிந்தே வந்தானோ? அவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன், ஆனாலும் இந்த டிபார்ட்மெண்டில் ஒன்றரை வருடம் படித்தவனுக்கு ராகு காலம் தெரியாமல் இருக்காது. எதிர்ச் சுவரில் தனிம அட்டவணை. அதற்குப் பக்கத்திலேயே தேதி கிழிக்கிற காலண்டர், நவம்பர் பதினெட்டு. ஜனவரி மூன்றாம் தேதி ரயில். இன்னும் நாற்பத்தாறு நாள். கவுண்டரில் அந்தத் தாள் போய்ச் சேர்ந்துவிட்டால்கூட நாற்பத்தாறு நாளை எப்படித் தள்ளப் போகிறேன் என்று தெரியவில்லை. போய்ச் சேராவிட்டால் நாற்பத்தாறு இல்லை, மே மாதம் வரை நூற்றெழுபது, நூற்றெண்பது. அந்தக் கணக்கைப் போட வேண்டாம். ஃபாரத்தைப் பார். நாலு பக்கம், எல்லாம் நிரப்பியாகிவிட்டது. ஒடிசாவில் ஒரு பல்கலைக்கழகம், ஒரு செமஸ்டர், நம்முடைய பாடத்துக்கு நிகராக அங்கே என்ன பாடம், எத்தனை கிரெடிட் என்று கட்டம் கட்டமாக எழுதி மூன்று பேராசிரியர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அங்கிருந்து ஒருவர் இங்கே வர வேண்டும், இங்கிருந்து ஒருவர் அங்கே போக வேண்டும், அதனால்தான் அதற்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். இந்த வருடம் அங்கிருந்து யாரும் மனுப் போடவில்லையாம், விவரமானவர்கள். ஆனாலும் இங்கிருந்து போகலாமாம், மனுப் போட்டது நான் ஒருத்தன்தான். அங்க உனக்கு யாரய்யா தெரியும் என்று அப்பா கேட்டார். யாரையும் தெரியாது அப்பா, அதற்காகத்தான் என்று சொல்லவில்லை. நல்ல லேப் இருக்காம் என்றேன். ஒடியாவில் கெமிதி அச்சொ என்றால் எப்படி இருக்கிறாய். போனில் பார்த்துப் படித்துக்கொண்டேன். என்னிடம் அதை யாராவது கேட்க வேண்டும். தப்பாகப் பதில் சொல்வேன், சிரிப்பார்கள், சிரிக்கட்டும், என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

எல்லாம் முடித்த பிறகு கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு வரி. ப்ராஜெக்ட்டை இரண்டு பேர் சேர்ந்து செய்தால், ஒருவர் போவதற்கு மற்றவர் துறைத்தலைவர் முன்னிலையில் சம்மதம் தர வேண்டும். எங்கள் ப்ராஜெக்ட் சாயப்பட்டறைத் தண்ணீரில் எவ்வளவு குரோமியம் என்று பார்ப்பது. ஒரே மேஜை, ஒரே பியூரெட். நான் பார்த்து அளவைச் சொன்னால் அவன் எழுத வேண்டும். இப்போது நான் பார்த்து, துண்டுத்தாளில் எழுதி, அவன் பக்கம் தள்ளுகிறேன். அவன் எடுத்து நோட்டில் எழுதுகிறான். 18.4. 18.6. ஜூலையிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான், எல்லாம் புள்ளி வைத்த எண்கள். தண்ணீர் பாட்டில் எனக்கு எட்டவில்லை என்றால் கேட்காமலே தள்ளி வைப்பான், அது உண்டு. அதை நான் எத்தனை தடவை மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. பைத்தியக்காரத்தனம். தண்ணீர் பாட்டிலைத் தள்ளியது மேஜை துடைப்பதற்காகக்கூட இருக்கலாம்.

பால்த்தாய் அக்கா டீ குடிக்கப் போனார். போகும்போது ரெண்டு பேரும் ஏன் இப்படி உம்முன்னு இருக்கீக என்று கேட்டுவிட்டுப் போனார். இருவருமே சிரித்தோம், அவரைப் பார்த்து, தனித்தனியாக. அக்காவுக்குத் தெரியாது. சார்களுக்கும் தெரியாது. இது வெளியே தெரிகிற விஷயம் இல்லை, யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, பேரைக் கிறுக்கி வைக்கவில்லை. வாட்ஸாப் குரூப்பிலிருந்து நீக்கவும் இல்லை, வேறு குரூப் ஆரம்பித்துக்கொண்டார்கள். பழைய குரூப்பில் நான் மட்டும்தான் குடியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். கடைசியாக வந்தது ஏப்ரல் இருபத்தி ரெண்டு, ஹால் நம்பர் என்ன என்று யாரோ கேட்டது. பஸ்ஸில்தான் பளிச்சென்று தெரியும். யுனிவர்சிட்டி பஸ்ஸில் சாயந்திரம் நிற்க இடம் இருக்காது, கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள், என் பக்கத்து சீட் காலியாக வரும். முதல் மாதம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்பதுபோல ஜன்னல் பக்கம் நகர்வேன். இப்போது பையை அந்த சீட்டிலேயே வைத்துவிடுகிறேன், காலியாகத் தெரியாமல் இருக்கட்டும் என்று. வீட்டு வாசலில் ஏறும்போது தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அம்மா என்பது உடைந்து வரும், காலையில் போய்ட்டு வர்றேன் என்று சொன்னதற்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை. ஏய்யா, சளியா என்று கேட்பாள். ஆமா சளி. ஏழு மாதமாகச் சளி. "அந்த ஜெபஸ்டின் பயல ஏன்யா இப்பல்லாம் வீட்டுப் பக்கமே வரக் காணோம்?" அவனுக்குப் படிப்பும்மா. "நான் கேட்டேன்னு சொல்லு." சொல்றேம்மா. மறுநாள், சொன்னியா? சொன்னேம்மா. "என்ன சொன்னான்?" அவள் வைக்கிற பருப்பு உருண்டைக் குழம்பை இரண்டு தட்டுச் சோற்றுக்கு ஊற்றிச் சாப்பிட்டவன் அவன். என்ன சொன்னான் என்று நான்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். குழம்பு வச்சா வர்றானாம்மா. அவன் சொல்லாததை எல்லாம் நானே சொல்லி, நானே சிரித்து, ஒரு மாதிரி ஆகிவிட்டது. சில நாள் உண்மையிலேயே சொன்னான் என்று நினைத்துவிடுகிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

செஞ்சு பாத்தேன் சார். அவ்வளவுதான் நான் சொன்னது. இதே கதவுக்குள், இதே சாரிடம், ஏப்ரல் மாதம். இரண்டாம் செமஸ்டர் பிராக்டிகல் பரீட்சை. ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில், உள்ளே உப்புக் கலவை, என்னென்ன உலோகம் இருக்கிறது என்று சோதித்துக் கண்டுபிடித்து எழுத வேண்டும். எந்த நம்பர் பாட்டிலில் எது என்ற பட்டியல் முதல் நாளே எங்கள் கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, எல்லாரையும்போல மனப்பாடம் செய்தேன், நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. என்னுடையது பதின்மூன்று, கோபால்ட். ஜெபஸ்டினுடையது பதினாலு, நிக்கல். மூன்று மணி நேரம் சோதனை செய்வதுபோல நடிக்க வேண்டும். நடிப்பு அலுத்துப்போய் நிஜமாகவே ஊற்றிப் பார்த்தேன். இரண்டு சொட்டு டி.எம்.ஜி. கரைசல் விட்டதும் சோதனைக் குழாயில் ரோஜாச் சிவப்பு. கோபால்ட்டுக்கு அப்படிச் சிவக்காது, நிக்கலுக்குத்தான் சிவக்கும். மறுபடி செய்தேன், மறுபடி சிவப்பு. பாட்டிலில் நிரப்பியவர் ஒரு நம்பர் தள்ளி நிரப்பிவிட்டார். அப்படியென்றால் எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் ஒன்று தள்ளித்தான் இருக்கும். பட்டியலை அப்படியே எழுதுகிற இருபத்தொரு பேரும் தப்பாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள், வரிசையாக, ஒரே மாதிரித் தப்பாக. நான் கண்ணால் பார்த்ததை எழுதினேன். திருத்தும்போது என் விடை மட்டும் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை, சார் பாட்டில்களைச் சோதித்துப் பார்த்தார், மாட்டிக்கொண்டது. ஒருத்தன் சரி, மற்ற எல்லாரும் பக்கத்து பாட்டிலின் விடை. நீ மட்டும் எப்படிப்பா சரியா எழுதின? செஞ்சு பாத்தேன் சார். அப்ப மத்தவங்க செய்யலையா? நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதுதான் பதிலாகிவிட்டது. இருபத்தொரு பேருக்கும் மறுதேர்வு வைத்தார்கள், கடுமையாக வைத்தார்கள், ஐந்து பேருக்கு அரியர். ஜெபஸ்டினுக்கும் அரியர். முதல் ரேங்கில் இருந்த எங்கள் க்ளாஸ் ரெப் காளீஸ்வரி நாலாவதுக்கு இறங்கினாள். தவசிலிங்கம் போட்டுக்கொடுத்துட்டான், என்னைத்தான் சொன்னார்கள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்கள். நான் போட்டுக்கொடுக்கவில்லை. யாராவது வந்து கேட்டால் சொல்லலாம், போட்டுக்கொடுக்கலடா என்று. கேட்க வேண்டும் என்றால் பேச வேண்டுமே.

நிறுத்து. அது இல்லை. அது வெளியே சொல்கிற கதை. எப்போதும் இங்கே வந்து நின்றுவிடுகிறேன், போட்டுக்கொடுக்கவில்லை, போட்டுக்கொடுக்கவில்லை என்று. அதற்கு முன்னால் நாற்பது நிமிடம் இருந்தது. குழாய் சிவந்தபோது பரீட்சை முடிய நாற்பது நிமிடம் இருந்தது. மேற்பார்வைக்கு வந்த சார் வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருந்தார். ஜெபஸ்டின் என் முழங்கை படுகிற தூரத்தில் நின்று, நிக்கல், நிக்கல் என்று எழுதிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வார்த்தை. ஜெபா, தள்ளியிருக்கு. அவன் அடுத்தவனிடம் சொல்லியிருப்பான், ஐந்து நிமிடத்தில் வரிசை முழுக்கப் போயிருக்கும், எல்லாரும் ஒரு நம்பர் தள்ளி எழுதியிருப்பார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் சொல்லவில்லை. பயந்தா? இல்லை. ஏழு மாதமாக பயம் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன், இல்லை. எனக்கு மட்டும் தெரியும் என்கிற ருசி. இருபத்தொரு பேர் தப்பு, நான் ஒருத்தன் சரி. அந்த நாற்பது நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதோடு விட்டேனா? அவன் தலையைத் திருப்பினான், என் குழாயைப் பார்க்கப் போகிறான் என்று தெரிந்தது, ஸ்டாண்டைச் சட்டென்று திருப்பி வைத்தேன், சிவப்புக் குழாய் என் பக்கம் வருகிறமாதிரி. பார்த்தானா? பார்த்திருந்தால் வகுப்பில் சொல்லியிருப்பானே. பார்க்கவில்லையென்றால் ஏன் அப்புறம் இரண்டு நிமிடம் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்? ஒரு வார்த்தையை நான் வைத்துக்கொண்டேன். இப்போது எல்லாரும் எல்லா வார்த்தையையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரியாகத்தானே இருக்கிறது. புகார் சொல்ல எனக்கு வாய் ஏது?

நாலு மணி ஏழு நிமிடம். காளீஸ்வரி வந்தாள், வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவளுக்கும் கையெழுத்து வேண்டும், அவளுக்கும் ராகு காலம். பெஞ்சின் நடுவில் இடம் இருந்தது. ஜெபஸ்டினின் பையை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கமாகவே ஒட்டி உட்கார்ந்தாள். "என்னடா இங்க?" என்றாள் அவனிடம். அவன் கதவைக் காட்டினான். அவள் என் கையில் இருந்த ஃபாரத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், மேலே எதுவும் கேட்கவில்லை. நாளைக்கு அசைன்மெண்ட் எத்தனை பக்கம் என்று பேச ஆரம்பித்தார்கள். பத்து பக்கமா, கையால் எழுதணுமா. எனக்கும் அதே அசைன்மெண்ட்தான், கேட்டுக்கொண்டேன். இப்படித்தான் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அவள் கெட்டவள் இல்லை. முதலாம் ஆண்டு எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரத்து நோட்ஸ் எழுதிக் கொடுத்தவள். நல்லவர்கள்தான் எல்லாரும், அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டவர்களாக இருந்தால் போங்கடா என்று இருந்துவிடலாம்.

போன மாதம் லேபில் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து அதன் லேபிளைப் படித்துக்கொண்டு நின்றேன். படித்தேன், அவ்வளவுதான். படிக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை, ஒரு பெயர், ஒரு எச்சரிக்கை. ஆனாலும் படித்துக்கொண்டே நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அம்மாவிடம் இனிச் சளி என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று ஒன்று தோன்றியது. பின்னாலிருந்து ஒரு கை வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டது. பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டது. ஜெபஸ்டின். டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறான். பாட்டிலை ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய் லேப் பொறுப்பாளரிடம் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. வந்து என் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டான், எல்லாரும் திரும்பி வரும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. மறுநாள்தான் ஆபீஸ் பலகையில் எக்ஸ்சேஞ்ச் நோட்டீஸைப் பார்த்தேன், ஓடிப்போய் ஃபாரம் வாங்கினேன். போய்விட வேண்டும். இங்கே இன்னொரு செமஸ்டர் என்னால் முடியாது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் இதுதான் விஷயம்: போகவில்லை என்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடுவானா? போடு ஜெபா. கெஞ்சுகிறேன், இந்தப் பக்கம் பார். பார்க்க மாட்டேன் என்கிறான், பத்து பக்கமா பன்னிரண்டு பக்கமா என்று பேசிக்கொண்டிருக்கிறான். தனியாக அத்தனை தண்ணீர் மாதிரியையும் அவன் எப்படிச் செய்வான்? முடியாது என்று சொன்னால் நியாயம்தான். அரியர் வாங்கிக் கொடுத்தவனுக்கு இன்னும் என்ன செய்ய வேண்டும் அவன்? சம்மதமா என்று சார் கேட்பார், வாயைத் திறந்து சொல்ல வேண்டும், என் பெயரைச் சொல்ல வேண்டும். ஏழு மாதத்தில் அவன் வாயால் என் பெயர். முடியாது என்று சொன்னாலும் பெயரைச் சொல்லித்தானே முடியாது என்பான். இதற்கும் ஒரு ஆசை. நாலு இருபத்தெட்டு. வெட்கங்கெட்ட ஆசை.

நாலரைக்குப் பால்த்தாய் அக்கா கதவைத் திறந்தார். மூன்று பேருமே போங்க என்றார். காளீஸ்வரி பதிவேட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றாள். சார் என் ஃபாரத்தை முதலில் எடுத்தார், கடைசிப் பக்கத்துக்குப் போனார், கண்ணாடிக்கு மேலே ஜெபஸ்டினைப் பார்த்தார். "ஏம்ப்பா, ரெண்டு பேரு சேந்து ஆரம்பிச்ச வேலை. இவன் போயிட்டா நீ ஒத்தையா சமாளிச்சிருவியா? கஷ்டம்னா இப்பவே சொல்லிரு, நான் போட மாட்டேன்." ஜெபஸ்டின் தரையைப் பார்த்தான். "தவசி போகட்டும் சார்," என்றான். தவசி. பேரைச் சொன்னான், பழைய மாதிரி, பாதியாக. நான் அதையே பிடித்துக்கொண்டு நின்றதால் அடுத்தது உடனே மண்டையில் ஏறவில்லை. "இங்க இருந்தா அவனுக்கு நல்லதில்ல சார். ஏழு மாசமா அவன்கிட்ட யாரும் பேசுறதில்ல. பேசக் கூடாதுன்னு க்ளாஸ்ல முடிவு பண்ணி வச்சிருக்கோம். நானும் பேசுறதில்ல சார்." சார் கண்ணாடியைக் கழற்றினார். "யாருப்பா முடிவு பண்ணது?" காளீஸ்வரியின் கை பதிவேட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. ஜெபஸ்டின் அவளைப் பார்க்கவில்லை. "எல்லாரும்தான் சார்." சார் கொஞ்ச நேரம் எங்கள் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பாவம், எங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கு இப்போது நிஜமாகவே தெரியவில்லை. பிறகு அந்த ஃபாரத்தை ஜெபஸ்டின் பக்கம் தள்ளினார். அவன் போட்டான். அவர் போட்டார். "நாளைக்கு ஃபர்ஸ்ட் அவர் நானே க்ளாசுக்கு வர்றேன். எல்லார்கிட்டயும் பேசுறேன்," என்றார், ஏதோ பெரிய நல்லது செய்கிறவர்போல. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதிவேட்டில் கையெழுத்து வாங்காமலே காளீஸ்வரி வெளியே போனாள், போகும்போதே போனை எடுத்தாள்.

"ஓடுடா, மூடிருவான்," என்றான் ஜெபஸ்டின் வராந்தாவில். என்னிடம். என்னைப் பார்த்து. ஓடினேன். சந்தோஷத்தில் ஓடுகிறேனா என்று தெரியவில்லை. நாலு நாற்பது, நாலு நாற்பத்தைந்து. நான் போட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் அவன் போட்டுக்கொடுத்தான், காளீஸ்வரி முன்னால், பச்சையாக, வாயால். இந்நேரம் அந்த இன்னொரு குரூப்பில் போயிருக்கும். நாளைக்கு சார் வேறு வந்து பேசுவார், அதோடு முடிந்தது, அவனோடும் பேசவே கூடாது என்று இறுகிவிடுவார்கள். என்னை அனுப்ப ஒரு கையெழுத்துப் போதாதா? சம்மதம் சார் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதாதா? ஏன் மீதியையும் சொன்னான்? அந்த பாட்டிலைப் பூட்டியதிலிருந்து சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தானா? கவுண்டருக்குள் இருந்தவர் கையை நீட்டினார். கொடுத்தேன். "எல்லாக் கையெழுத்தும் இருக்கா? இருக்கு. விடுப்பா." பார்த்தால் தாளின் மறுமுனை இன்னும் என் விரலில் இருக்கிறது. இதை விட்டால் ஜனவரியில் நான் போய்விடுவேன், அந்த மேஜையில் பியூரெட்டைப் பார்ப்பதும் அவன்தான், எழுதுவதும் அவன்தான். விடாவிட்டால் நூற்றெண்பது நாள். "விடு தம்பி, கிழிஞ்சிரப் போகுது." விட்டேன். விட்டுவிட்டேன். அவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார், ரசீதை நீட்டினார், ஷட்டரை இறக்கினார்.

பஸ் நிறுத்தத்தில் எங்கள் வகுப்பு மரத்தடியில் கூடி நின்றது. ஜெபஸ்டின் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். அவனைச் சுற்றி ஒரு நாலடி யாரும் இல்லை. அந்த நாலடியை எனக்குத் தெரியும், ஏழு மாதம் அதற்குள்தான் குடியிருந்தேன். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"சீல் போட்டானா?"

"போட்டாரு." குரல் உடைந்து வந்தது. செருமிக்கொண்டேன். "ஏண்டா லேட்டா வந்த?"

"வேணும்னுதான். மூணு தாண்டிட்டா சார் அடுத்த வாரம்னு சொல்லிருவாரு, தேதி முடிஞ்சிரும், நீ போக மாட்டேன்னு நெனச்சேன்." பையைத் தோள் மாற்றினான். "அப்புறம் அந்த ஒண்ணரை மணி நேரம் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நான்தான் அவன் என்னைப் பார்க்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். இனிமேல் சொல்லாமல் இருந்தால் எப்போது சொல்வது என்று சொல்லிவிட்டேன். "ஜெபா, அன்னைக்கு ஒரு நம்பர் தள்ளியிருந்துச்சுடா. எனக்குத் தெரியும். உங்கிட்ட சொல்லல."

"தெரியும்," என்றான். "நீ ஸ்டாண்டத் திருப்பி வச்சத பாத்தேன்."

பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு இருபது பேரிடமும் அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறான், அரியரையும் எழுதிக்கொண்டு. மன்னிச்சிருடா என்று சொல்ல வாயெடுத்தேன், பஸ் வந்துவிட்டது. எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். நான் வழக்கமான ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தேன், பழக்கதோஷம். ஜெபஸ்டின் அதை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். சுற்றிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் முதுகு. யாரோ எதற்கோ சிரித்தார்கள், எங்களைப் பற்றி இல்லாமலும் இருக்கலாம். "அம்மா உன்னக் கேட்டாங்க," என்றேன். "சனிக்கிழம வர்றேன்," என்றான், "உருண்டைக் குழம்பு வைக்கச் சொல்லு." இதை நான் ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, அவனுக்குத் தெரியாது. டிக்கெட் காட்டச் சொல்லி கண்டக்டர் வந்தார், இருவரும் பாஸை நீட்டினோம். சட்டைப்பையில் ரசீது குத்தியது. ஜனவரி ஐந்தாம் தேதி திங்கட்கிழமை சாயந்திரம் இதே சீட்டில் இவன் மட்டும் உட்கார்ந்து வருவான், பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு. காலண்டரை நினைத்துப் பார்த்தேன், மறுபடி விரல் விட்டு எண்ணினேன், எப்படி எண்ணினாலும் அதேதான் வந்தது. இன்னும் நாற்பத்தாறு நாள்தான் இருக்கிறது.